லைப்ரரியிலிருந்து கஸிலைக் கழற்றிய பிறகு

பி.எச்.பி. மொழியில், வெளியே உள்ள ஒரு சேவையின் ஏ.பி.ஐ.யோடு பேசுவதற்கான சின்ன லைப்ரரி ஒன்றைப் பல வருடமாகப் பராமரித்து வருகிறேன். தொடக்கத்தில் அதன் கம்போசர் கோப்பில் (எந்தெந்த பேக்கேஜ் தேவை என்று குறித்து வைக்கும் கோப்பு) கஸில் 5, அதாவது ஹெச்.டி.டி.பி. ரிக்வெஸ்ட் அனுப்பும் கிளையண்ட் லைப்ரரியின் ஐந்தாம் வெர்ஷன், வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன், அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. 2015இல் ரிக்வெஸ்டும் ரெஸ்பான்ஸும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் பொதுத் தரமான பி.எஸ்.ஆர்-7 வந்தது, அதே வருடம் அதைத் தழுவிக்கொண்டு கஸில் 6 வந்தது. கம்போசரோ ஒரு புராஜெக்டுக்குள் ஒரு பேக்கேஜின் ஒரே ஒரு வெர்ஷனைத்தான் விடும். வேறொரு லைப்ரரிக்காக 6ஐ வைத்திருந்த ஒருவரால் என்னுடையதை நிறுவவே முடியவில்லை. அவர் கேட்டது நியாயம்: ரிக்வெஸ்ட் அனுப்புகிற நாலு வரிக்காக முழு அப்ளிகேஷனும் ஏன் பழைய வெர்ஷனில் நிற்க வேண்டும்?

முதலில் நானே ஒரு இன்டர்ஃபேஸ் எழுதி, கிளையண்டுக்கு ஒன்றாக அடாப்டர் வைத்தேன். வேலை செய்தது, ஆனால் ஒவ்வொரு புது வெர்ஷனுக்கும் அடாப்டரைத் தொட வேண்டியிருந்தது. 2018இல் பி.எஸ்.ஆர்-17 (ரிக்வெஸ்ட் போன்றவற்றை உருவாக்கும் ஃபேக்டரிகளுக்கான தரம்), பி.எஸ்.ஆர்-18 (அவற்றை அனுப்பும் கிளையண்டுக்கான தரம்) இரண்டும் ஏற்கப்பட்டதும் அத்தனையையும் அழித்துவிட்டேன். இப்போது கன்ஸ்ட்ரக்டர் கேட்பது மூன்றே பொருட்கள்: கிளையண்ட், ரிக்வெஸ்ட் ஃபேக்டரி, ஸ்ட்ரீம் ஃபேக்டரி. அவை எங்கிருந்து வருகின்றன என்பது என் லைப்ரரிக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

மாற்றியபோது பெரிய அடி ஒன்று வாங்கினேன், இதை விரிவாகவே சொல்கிறேன். கஸிலை வழக்கமான முறையில் கூப்பிட்டால் 404, 500 போன்ற பிழை ஸ்டேட்டஸ்கள் எல்லாம் எக்செப்ஷனாக வரும், என் கோடு முழுக்க அதை நம்பித்தான் இருந்தது. பி.எஸ்.ஆர்-18 அப்படியில்லை. சர்வரிடமிருந்து ஒழுங்கான பதில் வந்துவிட்டால், அது 500 ஆனாலும், சாதாரண ரெஸ்பான்ஸாகவே திருப்பித் தர வேண்டும். நெட்வொர்க் அறுந்தாலோ ரிக்வெஸ்டை அனுப்பவே முடியாமல் போனாலோதான் எக்செப்ஷன். நான் ஸ்டேட்டஸைப் பார்க்காமல் நேராக ஜேசானைப் பிரித்தேன். ஒருநாள் 429 (அளவுக்கு மீறி ரிக்வெஸ்ட் வந்துவிட்டது என்று சர்வர் சொல்வது) வந்திருக்கிறது, அந்தப் பதிலில் பட்டியல் இல்லை, என் கோடு காலி அரேயைத் திருப்பிக் கொடுத்தது, அதைப் பயன்படுத்தியவரின் இரண்டு பக்கத் தரவையும் ஒத்திசைக்கும் சிங்க் ஜாப் 'அங்கே ஒன்றுமே இல்லை போல' என்று எடுத்துக்கொண்டு இங்கிருந்த பதிவுகளை நீக்க ஆரம்பித்துவிட்டது. அவரிடம் பேக்கப் இருந்தது. அன்றே ஸ்டேட்டஸ் பார்ப்பதை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, 4xx-க்கும் 5xx-க்கும் எங்கள் சொந்த எக்செப்ஷன் வகைகளை வைத்தேன். கிளையண்டை மாற்றுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

அப்புறம் பாடி, அதாவது பதிலின் உள்ளடக்கம். யாரோ லாகிங்குக்காக ஸ்ட்ரீமை முன்னாடியே படித்திருந்தால், கெட்கன்டென்ட்ஸ் மிச்சத்தை மட்டும்தான் தரும், அதாவது காலி. ஸ்ட்ரிங்காக காஸ்ட் செய்தால், பின்னால் நகர்த்த முடிகிற ஸ்ட்ரீம் என்றால் தொடக்கத்திலிருந்து படிக்கும். நான் இப்போது எல்லா இடத்திலும் அப்படித்தான் எழுதுகிறேன்.

டைம்அவுட்டுக்கு பி.எஸ்.ஆர்-18 இன்டர்ஃபேஸில் இடமே கிடையாது, இருப்பது சென்ட்ரிக்வெஸ்ட் என்ற ஒரே மெத்தட். அதனால் என் லைப்ரரியில் இருந்த டைம்அவுட் ஆப்ஷனை எடுத்துவிட்டேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ப்ராக்சி, டைம்அவுட், மறுமுயற்சி எல்லாம் அப்ளிகேஷன்காரர் முடிவு செய்ய வேண்டியவை, கிளையண்டை உருவாக்கும்போதே அவர் அதைச் சொல்லிவிடலாம். ரீட்மீயில் அதற்கு ஒரு உதாரணம் வைத்த பிறகு கேள்விகள் குறைந்தன. கிளையண்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் டிஸ்கவரி பேக்கேஜும் சேர்த்திருக்கிறேன், யாரும் எதுவும் கொடுக்காதபோது மட்டும்.

டெஸ்ட்தான் எனக்கு அதிக மகிழ்ச்சி. பத்துப் பதினைந்து வரியில் ஒரு போலி கிளையண்ட், முன்கூட்டியே வைத்த பதில்களை வரிசையாகத் தருகிறது, நெட்வொர்க்கே தேவையில்லை. அந்த 429 இப்போது அங்கே ஒரு டெஸ்டாக நிற்கிறது. 2020இல் கஸில் 7 பி.எஸ்.ஆர்-18 ஆதரவோடு வந்தபோது நான் ஒரு வரிகூட மாற்றவில்லை. சிம்ஃபோனி என்ற ஃபிரேம்வொர்க்கின் கிளையண்டோடு ஒருவர் இதை ஓட்டிக்கொண்டிருந்தது வேறு எதையோ அவர் கேட்டபோதுதான் தெரியவந்தது.

ஒரே குறை, ஒரே நேரத்தில் பல ரிக்வெஸ்ட் அனுப்ப பி.எஸ்.ஆர்-18இல் வழியில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்களை இணையாக இறக்கும் இன்னொரு லைப்ரரி என்னிடம் இருக்கிறது. அதில் மட்டும் கஸிலை நேரடியாகவே வைத்திருக்கிறேன், இப்போதைக்கு மாற்றும் எண்ணம் இல்லை.