ஓணத்துக்கு ஸ்க்ரூ, கிறிஸ்துமஸுக்குப் பல்

கல்ஃபில் இருக்கிற எங்கள் குமரி மாவட்டத்துக்காரர்கள் பல் வேலையை எல்லாம் ஊர் லீவுக்கென்று சேர்த்து வைப்பார்கள். மஸ்கட்டில் என் கம்பெனி இன்சூரன்ஸில் இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்பில் ஸ்க்ரூ வைத்து அதன்மேல் மாட்டுகிற பல், சேராது; முழுக்கக் கைக்காசுதான். எனக்குக் கீழே வலப்பக்கக் கடவாய்ப் பல், எப்போதோ ரூட் கெனால் செய்து கேப் போட்டது, வேர் வரை விரிசல் விட்டுப் பிடுங்கும்படி ஆனது. அங்கே ஒரு பல்லுக்குச் சொன்ன தொகையில் ஊரில் பல்லும் வைத்து, போக வர டிக்கெட்டும் எடுக்கலாம். பிடுங்கின இடம் ஆறியதும் ஓணத்தை ஒட்டி லீவு போட்டேன்.

திருவனந்தபுரத்தில் இறங்கிக் களியக்காவிளை தாண்டினால் பல் மருத்துவமனை போர்டுகளுக்குக் குறைவே இல்லை. 'மூன்றே நாளில் நிரந்தரப் பல்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து முதலில் ஓர் இடத்தில் ஏறினேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள், உடனே விலை சொன்னார்கள். எலும்பு எவ்வளவு இருக்கிறது என்ற பேச்சே இல்லை. எந்தக் கம்பெனி ஸ்க்ரூ என்று கேட்டேன். "இம்போர்ட்டட் சார்" என்று பதில் வந்தது. சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கிவிட்டேன்.

அப்புறம் அத்தை மகன் சொன்ன இடத்துக்கு, நாகர்கோவில் வடசேரிப் பக்கம் போனேன். அந்த டாக்டரம்மா முதலில் கேட்டது "லீவு எவ்வளவு நாள், அடுத்து எப்போ வருவீங்க?" என்றுதான். இம்ப்ளாண்ட் வேலையில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை என்று இப்போது தோன்றுகிறது. தாடை எலும்புக்குள் வைக்கிற டைட்டானியம் ஸ்க்ரூவை எலும்பு வளர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். கீழ்த்தாடைக்கு மூன்று நான்கு மாதம், எலும்பு மென்மையான மேல்தாடைக்கு ஆறு மாதம் வரை கூட ஆகும். 1952-இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் பிரோனெமார்க், முயலின் எலும்புக்குள் பொருத்திய டைட்டானியத்தைத் திரும்ப எடுக்க முடியாமல் திணறினாராம். அந்தத் திணறலில் பிறந்ததுதான் இந்த வைத்தியம், மனிதருக்கு வைத்தது 1965-இல். மூன்று நாள் போர்டும் முழுப் பொய் இல்லை. எலும்பு உறுதியாக இருக்கிறவர்களுக்கு, பல ஸ்க்ரூக்களை ஒன்றோடொன்று இணைத்து உடனே பல் கட்டுவது உண்டு. "உங்களுக்கு ஒத்தைக் கடவாய்ப் பல், கடிக்கிற பாரம் மொத்தமும் அதுமேல விழும். பொறுத்து வைப்போம்" என்றார்.

சிபிசிடி என்கிற முப்பரிமாண ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார். கீழ்த்தாடைக்குள் ஓடுகிற நரம்பைத் திரையில் காட்டினார். அதில் பட்டால் உதடும் நாடியும் மரத்துப் போய்விடலாம், அதனால் ஸ்க்ரூ நுனிக்கும் நரம்புக்கும் நடுவே 2 மில்லிமீட்டராவது விட வேண்டுமாம். இதைப் பார்க்காமல் விலை சொன்னவர் எதை வைத்துச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை.

பக்கத்துப் பற்கள் இரண்டையும் ராவி, அவற்றின்மேல் பிடிக்கிற மாதிரி பாலம் (பிரிட்ஜ்) கட்டினால் ஒரே லீவில் முடிந்திருக்கும், செலவும் குறைவு. நல்ல பல்லை ராவ மனம் வரவில்லை. விசாரித்த இடங்களில் ஒரு இம்ப்ளாண்ட் பல்லுக்கு 25,000 முதல் 45,000 ரூபாய் வரை சொன்னார்கள். கொரியாவின் ஆஸ்டெம் என்றால் ஒரு விலை, சுவிட்சர்லாந்தின் ஸ்ட்ராமன் என்றால் கூடுதல். நான் கொரியன் வைத்தேன். விலை கேட்கும்போது ஸ்க்ரூ, அதையும் பல்லையும் இணைக்கிற அபட்மெண்ட் என்கிற துண்டு, கடைசியில் மாட்டுகிற பல் மூன்றும் சேர்த்தா என்று கேளுங்கள். ஸ்க்ரூ விலையை மட்டும் சொல்லி மலிவு காட்டுகிற இடமும் உண்டு.

ஸ்க்ரூ வைத்த அன்று ஊசி போட்டதுதான் வலி. உப்புநீர் பீய்ச்சிக்கொண்டே மெதுவாகத் துளைத்தார்கள், எலும்பு 47 டிகிரிக்கு மேல் சூடானால் அந்த இடம் செத்துவிடுமாம். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "மக்ளே, கிழங்கை மசிச்சுத் தரட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆறின கஞ்சியும் மட்டிப் பழமுமாகப் போயிற்று. ஓணச் சாப்பாட்டில் நேந்திரங்காய் வறுவலை எல்லாரும் என் எதிரிலேயே நொறுக்கினார்கள்.

கிளம்பும்போது டாக்டரம்மா ஒரு சின்ன அட்டை தந்தார். ஸ்க்ரூவின் கம்பெனி, விட்டம், நீளம், லாட் நம்பர் எல்லாம் அதில் ஒட்டியிருந்தது. ஒரு கம்பெனியின் பாகம் பொதுவாக இன்னொன்றுக்குப் பொருந்தாது. மஸ்கட்டில் நடுவில் ஸ்க்ரூவின் மேல்மூடி தளர்ந்தபோது அங்கிருந்த பல் டாக்டர் அந்த அட்டையைப் பார்த்துத்தான் சரியான சாவியை எடுத்து முறுக்கினார். அட்டை தராத இடத்தில் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பல் வைக்கவே வேண்டாம் என்பேன்.

குவைத்தில் இருக்கிற ஊர்க்காரர் ஒருவருக்கு மேல்தாடைக் கடைசியில் எலும்பு போதாமல், அதற்கு மேலே இருக்கிற சைனஸ் என்கிற காற்றுப் பையைத் தூக்கி எலும்புத்தூள் வைத்தார்கள். அதற்கப்புறம் சில வாரம் விமானம் ஏறக் கூடாது, மூக்கை அழுத்திச் சிந்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் லீவை நீட்ட முதலாளியிடம் பட்ட பாடு பெரிய கதை. மேல்பல் என்றால் இதையும் கேட்டுக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அளவெடுத்து ஜிர்கோனியா என்கிற பீங்கான் வகைப் பல் மாட்டினார்கள். எனக்கு இருந்த ஒரே மனத்தாங்கல் அப்போதுதான். டிசம்பரில் கல்ஃப் கூட்டம் மொத்தமும் ஊரில். டோக்கன் வாங்கிவிட்டு மதியம் வரை உட்கார வேண்டியிருந்தது. லேப்பில் இருந்து பல் சொன்ன நாளுக்கு வரவில்லை, வந்ததும் ஒரு பக்கம் உயரமாக இருந்து திருப்பி அனுப்பினார்கள். பணம் ஜிபேயில் கேட்டார்கள், பில் கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார்கள். ஒழுங்கான பில் வாங்க இன்னொரு நடை. லீவின் முதல் வாரத்திலேயே போய்விடுங்கள், கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

அப்பாவையும் கூட்டிப் போயிருந்தேன். பல்லே இல்லாத கீழ்த்தாடையில் அவருடைய பல் செட்டு நிற்பதில்லை, பேசும்போதே எழும்பி வரும். அவருக்கு வரிசையாகப் பல் வைக்க வேண்டாம், இரண்டு ஸ்க்ரூ வைத்து அதன்மேல் செட்டு 'டக்'கென்று பிடிக்கிற மாதிரி செய்தால் போதும் என்றார் டாக்டரம்மா. 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்களும் இப்படிப்பட்டவர்களுக்கு இதையே முதல் தெரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அப்பாவின் மூன்று மாதச் சர்க்கரை சராசரி (HbA1c) 9-க்கு மேல். அதைக் குறைத்துக் காட்டினால்தான் கை வைப்பேன் என்று மாத்திரைச் சீட்டோடு அனுப்பிவிட்டார். அப்பா தினமும் நடக்கிறார், செவ்வாழையைத்தான் விட மாட்டேன் என்கிறார்.