கடலூர் மாடியில் பாலக்கா, அரைக்கீரையா?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஸ்பினாச் என்றால் பசலை என்று அகராதி சொல்லும். கடையில் பாலக் விதை பாக்கெட்டிலும் ஸ்பினாச் என்றே போட்டிருப்பார்கள். மூன்றும் வெவ்வேறு செடி. பசலைக்கு விதைகூட வேண்டாம், சந்தையில் வாங்கின தண்டை ஊன்றினாலே கொடி படரும். அதனால் அதைப் போட்டியில் சேர்க்கவில்லை.

அசல் ஸ்பினாச் குளிர்நாட்டுக் கீரை. மண் சூடு 30 டிகிரியைத் தொட்டால் விதை சரியாக முளைக்காது. இங்கே மார்கழிப் பகலிலேயே வெயில் 28, 29 டிகிரி அடிக்கிறது. ஆசைக்கு ஒரு வருடம் இருபது விதை போட்டேன், மூன்று முளைத்தன, பொங்கலுக்குள் மூன்றும் போய்விட்டன. நம் ஊருக்கு அது வேண்டாம்.

மிச்சம் பாலக்கும் அரைக்கீரையும். பாலக் உண்மையில் பீட்ரூட்டின் உறவு. அதன் விதை என்று நாம் சொல்வது சொரசொரப்பான ஒரு சின்ன உருண்டை. உள்ளே இரண்டு மூன்று விதைகள் சேர்ந்திருக்கும். ஒன்று போட்ட இடத்தில் கொத்தாக முளைப்பது அதனால்தான். இராத்திரி முழுக்க ஊறவைத்து அரை அங்குல ஆழத்தில் போட்டால் ஒரு வாரம், பத்து நாளில் தலை காட்டும். நெருக்கத்தைக் கலைத்துவிட வேண்டும். பிடுங்கின நாற்றையும் பருப்பில் போடலாம்.

பாலக்கை நான் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் தண்ணீர். கடற்கரையோரம் தேவனாம்பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், கோடை வந்தால் போர் தண்ணீர் கரிக்கும். எங்கள் கறிவேப்பிலைக்கு இலை ஓரம் கருகும். பாலக் பாட்டுக்கு நிற்கும். பீட்ரூட் குடும்பத்தின் காட்டு மூதாதையே கடலோரச் செடிதானே! ஆனால் முளைக்கிற சமயத்தில் அதற்கும் உப்பு ஆகாது. முதல் இரண்டு வாரம் மழைத் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றுங்கள். இன்னொரு குறை, சித்திரை வெயிலில் உயிரோடு இருக்குமே தவிர இலை சிறுத்து முரடாகிவிடும்.

அரைக்கீரைக்கு அந்த வெயில்தான் கொண்டாட்டம். விதை கடுகைவிடப் பொடி, கறுப்பாகப் பளபளக்கும். ஆற்று மணலில் கலந்து தூவி, மேலாகக் கையால் தடவிவிட்டால் போதும். (பக்கத்திலேயே கிடக்கிறதே என்று கடல் மணலை அள்ளி வராதீர்கள்.) மூன்று முதல் ஐந்து நாளில் முளைக்கும், எறும்பு விட்டுவைத்தால். அதற்குத் தொட்டியைச் சுற்றிக் கொஞ்சம் ரவை தூவுவோம். எறும்பு அதைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் விதை வேர் விட்டுவிடும். ஒரு மாதத்தில் முதல் அறுப்பு. அடியில் இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை துளிர்த்துக்கொண்டே இருக்கும். பாலக்கும் துளிர்க்கும், ஆனால் என் வீட்டில் நான்கைந்து அறுப்போடு சரி.

அரைக்கீரை தோற்கிற இடம் ஐப்பசி அடைமழை. தூவின விதை அடித்துக்கொண்டு போய்விடும்; தப்பினதில் இலைக்கடியில் வெள்ளைப் புள்ளி விழும். அந்த இரண்டு மாதம் தொட்டிகளைச் சும்மா போட்டுவிட்டு, மழை ஓய்ந்ததும் கார்த்திகைக் கடைசியில் பாலக் போடுகிறேன். மாசி வரைக்கும் அதன் ராஜ்ஜியம்.

ருசியில் என் ஓட்டு அரைக்கீரைக்குத்தான். பூண்டு தட்டிப் போட்டு மத்தால் கடைந்தால் பாலக் பக்கத்தில்கூட வர முடியாது. பிள்ளைகள் சப்பாத்திக்குப் பாலக் பனீர் கேட்பதால் அதற்கும் இரண்டு தொட்டி.

ஒரே ஒரு க்ரோ பேக்தான் வைக்க இடம் என்றால் யோசிக்காமல் அரைக்கீரை போடுங்கள். பாலக் எனக்கு ஒரு தடவைகூட விதை கட்டவில்லை, வருடா வருடம் பாக்கெட் செலவு. அரைக்கீரையில் ஒரு செடியை அறுக்காமல் விட்டு, கதிர் காய்ந்ததும் முறத்தில் உதறினால் அடுத்த வருடத்துக்கும் ஆச்சு, எதிர்வீட்டு அக்காவுக்கும் ஆச்சு.