பயாஸில் இருக்கும் வைரஸ் எச்சரிக்கையா, ஆன்டிவைரஸ் மென்பொருளா?

பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றின் பயாஸில் (கம்ப்யூட்டரை இயக்கியதும் முதலில் ஓடும், மதர்போர்டு சிப்பில் இருக்கும் புரோகிராம்) ‘வைரஸ் வார்னிங்’ என்றொரு வரி இருக்கும். அதை இயக்கிவிட்டால் ஆன்டிவைரஸ் தேவையில்லை என்று நினைக்காதீர்கள்.

அது காவல் காப்பது ஹார்ட் டிஸ்கின் பூட் பகுதியை, அதாவது கம்ப்யூட்டர் தொடங்கும்போது முதலில் படிக்கும் இடத்தை மட்டும்தான். முதல் செக்டார், வெறும் 512 பைட். அங்கே ஏதாவது எழுத வந்தால் திரையில் எச்சரித்து அனுமதி கேட்கும். வந்தது வைரஸா, விண்டோஸ் இன்ஸ்டாலரா என்று அதற்குத் தெரியாது. மைக்கேலாஞ்சலோ போல ஃப்ளாப்பியில் பரவிய பூட் வைரஸ்களுக்கு இது உண்மையிலேயே உதவியது. ஆனால் பயாஸ் வழியாகப் போகும் எழுத்துதான் அதன் கண்ணில் படும். விண்டோஸ் 95 முதல், டிஸ்கைப் பொதுவாக விண்டோஸின் சொந்த டிரைவர்களே (வன்பொருளை இயக்கும் மென்பொருள்கள்) பயாஸைத் தொடாமல் கையாள்கின்றன. அப்புறம் இந்தக் காவலுக்கு என்ன வேலை?

ஆன்டிவைரஸ் ஃபைல்கள், மெயில் இணைப்புகள், வேர்டு மேக்ரோக்கள் (ஆவணத்துக்குள் இருக்கும் குட்டி புரோகிராம்கள்) எல்லாவற்றையும் சோதிக்கும். பல சமயம் சுத்தமும் செய்யும். பழைய கணினியில் ராமைத் தின்னும், அப்டேட் நின்றால் பலம் குறையும் என்பது சரி. இருந்தாலும் என் ஓட்டு இதற்கே.

1998-இல் வந்த சிஐஎச் வைரஸ் சில கணினிகளில் பயாஸ் சிப்பில் இருந்ததையே அழித்தது. பூட் செக்டார் காவலால் அதைத் தடுக்க முடியாது. மதர்போர்டில் பயாஸ் சிப்பில் எழுதுவதைத் தடுக்கும் ஜம்பர் (பின்களை இணைக்கும் சிறு செருகி) இருந்தால், முதலில் அதைத் தடுக்கும் நிலையில் வையுங்கள். எந்த டிஸ்கிலிருந்து முதலில் தொடங்குவது என்று சொல்லும் பூட் வரிசையிலும் ஃப்ளாப்பிக்கு முன்னால் ஹார்ட் டிஸ்கை வையுங்கள்.