ஆறில்லா நிலத்தின் ஊற்றுகள்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓர் இரண்டு நாள் சுற்றுலா

ஆறில்லாத ஊரில் அழகு ஏது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு, காவிரிக் கரையில் வளர்ந்தவன் நான். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர ஆறென்று சொல்ல எதுவுமில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், பழைய ஊர்கள், நன்னீர் ஊற்றுகள், கடற்கரை ஆகிய மூன்றையும் இரண்டு நாளில் சுற்றிக் காட்டுவதாக அங்குள்ள ஒரு சிறிய நிறுவனம் அறிவித்திருந்ததைப் பார்த்தபோது, ஆறே இல்லாத இடத்தில் ஊற்றுகள் எப்படி என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. அங்குள்ள கீரிமலை ஊற்றில், மறைந்த அப்பாவை நினைத்து ஒரு முறை நீராட வேண்டும் என்று அம்மாவும் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து பலாலிக்கு நேரடி விமானம் இருப்பதால் பயணமும் கடினமில்லை. சென்ற பிப்ரவரியில் இருவரும் போய் வந்தோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சுற்றுலாவில் கொடுத்த பணத்துக்கு மேலாகவே கிடைப்பது வழிகாட்டியின் அறிவு. குறைவாகக் கிடைப்பது நேரம். ஒருவருக்கு இலங்கை ரூபாயில் 16,000 வாங்கினார்கள். வேன், வழிகாட்டி, இரண்டு நாள் மதிய உணவு, குடிநீர் எல்லாம் இதில் அடங்கும். இரவுத் தங்கலை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களுடன் வேறு ஏழு பேர் வந்தார்கள். வேன் சுத்தமாக இருந்தது, ஓட்டுநர் நிதானமாக ஓட்டினார். வழிகாட்டி புவியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர். ஓட்டுநரும் வழியில் எதிர்ப்பட்டவர்களும் அவரை ‘மாஸ்டர்’ என்றே அழைத்தார்கள். நாங்களும் அப்படியே அழைக்கத் தொடங்கிவிட்டோம்.

முதல் நாள் காலை யாழ்ப்பாணக் கோட்டையில் தொடங்கியது. போர்த்துக்கீசியர் கட்டியதை 1658-இல் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் ஐந்து முனைக் கோட்டையாகத் திருத்திக் கட்டினார்கள் என்பதும், உள்ளே 1706-இல் எழுந்த தேவாலயம் போரில் இடிந்து கற்குவியலாகக் கிடக்கிறது என்பதும் எந்த வழிகாட்டியும் சொல்லக்கூடிய செய்திகள்தாம். மாஸ்டர் அவற்றை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, எங்களை மதில் ஓரமாக அழைத்துச்சென்று கல்லைத் தடவிப் பார்க்கச் சொன்னார். பவளத்தின் துளைகளும் சிப்பியின் வரிகளும் விரலில் பட்டன. கடலடியில் உயிரினங்களின் ஓடுகள் படிந்து உருவான சுண்ணக்கல் இது. ஐம்பது லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தைய மயோசீன் காலத்தைச் சேர்ந்தது. குடாநாடு முழுவதும் இதன்மேல்தான் அமர்ந்திருக்கிறது. இந்த இரண்டு நாளும் இதே கல்லைத்தான் வெவ்வேறு கோலத்தில் பார்க்கப்போகிறோம் என்றார். அந்த ஒரு வாக்கியம் சுற்றுலா முழுவதையும் கோத்துவிட்டது.

கோட்டைக்கு அருகிலுள்ள பொது நூலகத்தை வெளியில் நின்றுதான் பார்த்தோம். 1981-இல் 97,000 அளவிலான நூல்களும் ஏடுகளும் எரிந்த இடம். மீண்டும் கட்டப்பட்ட வெண்ணிறக் கட்டடத்தின் முன் வேன் பத்து நிமிடம் மட்டுமே நின்றது. உள்ளே வாசகர்கள் படித்துக்கொண்டிருக்கும்போது கூட்டமாக நுழையக் கூடாது என்ற காரணம் எனக்கு ஏற்புடையதே.

நல்லூரில் கந்தசுவாமி கோயிலைத் தவறவிடாமல் காட்டுகிறார்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும். யாழ்ப்பாண அரசர்களான ஆரியச் சக்கரவர்த்திகளின் தலைநகராயிருந்த இந்த ஊரில் பழைய கோயிலை 1621-இல் போர்த்துக்கீசியர் இடித்தார்கள். இன்றுள்ள கோயில் 1734-இல் கட்டப்பட்டது. அரண்மனை இருந்ததாகச் சொல்லப்படும் சங்கிலித்தோப்பில் இப்போது எஞ்சியிருப்பது ஒரு தோரண வாயில் மட்டுமே. கடைசி அரசன் இரண்டாம் சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தூக்கிலிட்டார்கள் என்பதை மாஸ்டர் குரலை உயர்த்தாமல் சொன்னார். எனக்கு அங்கே மிகவும் பிடித்தது, பலர் பார்க்காமலே போய்விடும் யமுனா ஏரி. ஏரி என்று பெயரே தவிர, அது ‘ப’ எழுத்தின் வடிவில் வெட்டிய கேணி. ஆறில்லாத நாட்டின் அரசர்கள் தங்கள் குளத்துக்கு ஓர் ஆற்றின் பெயரைச் சூட்டிக்கொண்டதில் இருந்த ஏக்கம் எனக்குப் புரிந்தது.

கந்தரோடையைப் பற்றிக் கோபமாகவே எழுத வேண்டியிருக்கிறது. அந்த இடத்தின் மேல் அல்ல, அதற்கு ஒதுக்கிய நேரத்தின் மேல். சுன்னாகத்துக்கு அருகே பனைகளுக்கு நடுவே, ஆள் உயரமும் அதைவிடச் சற்றுக் கூடுதலுமாக, வட்டவட்டமான சிறு பௌத்தத் தூபிகள் கூட்டமாக நிற்கின்றன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரலாற்றாய்வாளர் பால் பீரிஸ் இங்கே அகழ்ந்தார். 1970-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் செய்த அகழாய்வில், தமிழகத்துப் பெருங்கற்கால ஊர்களில் கிடைப்பது போன்ற கறுப்புச் சிவப்புப் பானையோடுகள் வெளிப்பட்டன. தூபிகளுக்கு அடியில் அவற்றைவிடப் பழைய குடியிருப்பு இருக்கிறது என்பதும், தமிழ் பேசியவர்களிடையே பௌத்தம் வாழ்ந்த காலம் ஒன்று உண்டு என்பதும் பொறுமையாக நின்று கேட்க வேண்டிய செய்திகள். எங்களுக்குக் கிடைத்ததோ உச்சி வெயிலில் இருபது நிமிடம். உணவு விடுதியில் மேசைகள் காத்திருக்கின்றன என்று அலுவலகத்திலிருந்து ஓட்டுநருக்கு அழைப்பு வந்ததும், மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தினார். அந்த விடுதியில் நாங்கள் இருந்தது ஒன்றே முக்கால் மணி நேரம். உணவு நன்றாகவே இருந்தது என்றாலும், அதில் ஒரு மணி நேரத்தைக் கந்தரோடைக்குக் கொடுத்திருந்தால் ஒன்பது பேரில் எவரும் பசியால் வாடியிருக்க மாட்டோம்.

மாலையில் கீரிமலை. கடலோரத்திலேயே, அலை வந்து மோதும் கரைக்கும் கேணிக்கும் இடையே ஒரு சுவர் மட்டுமே இருக்க, இந்தப் பக்கம் உப்பில்லாத தண்ணீர் ஊறி நிற்கிறது. நம்புவதற்காக நான் இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஆண்களின் கேணி திறந்தவெளியில் இருக்கிறது. பெண்களுக்கு மதில் சூழ்ந்த தனிக் கேணி. கீரி முகம் கொண்ட நகுல முனிவர் இங்கே நீராடி முகம் திருந்தினார் என்பதும், குதிரை முகத்துடன் வந்த இளவரசி மாருதப்புரவீகவல்லியின் முகம் மாறியது என்பதும், அந்த மா முகம் விட்ட இடமே மாவிட்டபுரம் என்பதும் ஊர்க் கதைகள். அருகிலுள்ள நகுலேசுவரம் இலங்கையின் ஐந்து ஈசுவரங்களில் ஒன்று. 1990-இல் குண்டுவீச்சில் சிதைந்து, பின்னர் மீண்டும் எழுந்தது. ஆடி அமாவாசையன்று, இறந்த தந்தைக்குக் கடன் கழிக்கப் பெருங்கூட்டம் இங்கே கூடுகிறது.

கதைகளைச் சொல்லி முடித்த பிறகு மாஸ்டர் கேணிப் படியில் உட்கார்ந்து, என் கேள்விக்கு விடை சொன்னார். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்குகிறது. மழைநீர் அந்தக் கல்லைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைத்து, நிலத்தடியில் குகைகளையும் வாய்க்கால்களையும் உண்டாக்குகிறது. உப்புநீரைவிட நன்னீர் எடை குறைந்தது என்பதால், கீழே பரவியிருக்கும் கடல்நீரின் மேல் அது மிதந்து நிற்கிறது. அந்த வாய்க்கால் கரையைத் தொடும் இடத்தில் கீரிமலை போன்ற ஊற்றுகள் வெளிப்படுகின்றன. “மழைதான் அம்மா எங்கட ஆறு. அது நிலத்துக்குக் கீழ ஓடுது,” என்று அவர் என் தாயைப் பார்த்துச் சொன்னார். அம்மா தண்ணீரை இரு கையாலும் அள்ளி வணங்கினார்.

ஆனால் அவரால் நீராட முடியவில்லை. மாற்றுடை கொண்டுவர வேண்டும் என்று நிறுவனம் அனுப்பிய குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. அங்கே நின்றதும் நாற்பது நிமிடம்தான். கால் நனைத்து, தலையில் தெளித்துக்கொண்டு திரும்பினார். கீரிமலை என்ற பெயரைக் கேட்டதும் தமிழர் மனத்தில் எழுவது நீராடலும் பிதிர்க்கடனும்தான் என்று தெரிந்த ஒரு நிறுவனம் இதை மறந்ததை என்னால் சிறிய குறையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. மறுநாள் இரவு நாங்கள் தங்கிய வீட்டுக்காரர்களிடம் சொல்லி, மூன்றாம் நாள் விடியற்காலையில் ஆட்டோ பிடித்துத் தனியாகப் போய் நீராடிவிட்டு வந்தோம்.

கீரிமலையிலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் வழியில் கூரையில்லாத வீடுகளைச் சில இடங்களில் பார்க்கலாம். இந்தப் பகுதியான வலிகாமம் வடக்கிலிருந்து 1990-இல் போரால் வெளியேறியவர்களின் காணிகளில் ஒரு பகுதி இன்னும் உரியவர்களிடம் வந்து சேரவில்லை. சுவர்களுக்குள் மரம் முளைத்த ஒரு வளவில் கிணறு மட்டும் கட்டுக் குலையாமல் நின்றது. மாஸ்டர் அங்கே எதுவும் சொல்லவில்லை. வேனை மெதுவாக விடும்படி மட்டும் ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டார். காங்கேசன்துறைக் கடற்கரையில் அரை மணி நேரம் காற்று வாங்கினோம். நாகப்பட்டினத்திலிருந்து 2023-இல் மீண்டும் தொடங்கிய கப்பல் வந்து சேரும் துறைமுகம் இதுதான்.

இரண்டாம் நாளின் தொடக்கம் நிலாவரை. புத்தூர்ப் பக்கத்தில் சாலையோரமாக, நீள்சதுரக் குளம் போலத் தோன்றும் இந்தக் கிணறு, நிலத்தடிக் குகையின் கூரை இடிந்து விழுந்ததால் திறந்த வாய் என்று மாஸ்டர் விளக்கினார். சீதையின் தாகம் தீர்க்க இராமன் அம்பு எய்த இடம் என்பது ஊர் வழக்கு. மேற்பரப்பில் நன்னீர், ஆழம் போகப்போக உப்பு. முதல் நாள் வாயால் சொன்னதை, இங்கே ஒரு கண்ணாடிக் குவளையில் காட்டினார். நிறமேற்றிய உப்புநீரின் மேல் நன்னீரை மெல்ல ஊற்றி, இரண்டும் பிரிந்து நிற்பதைக் காட்டிவிட்டு, மேலிருந்த நன்னீரை ஓர் உறிஞ்சுகுழாயால் வேகமாக இழுத்தார். அடியிலிருந்த நிறம் குழாயை நோக்கிக் கூம்பாக எழும்பியது. தேவைக்கு மேல் மின்மோட்டாரால் இறைத்தால் கிணறு உவராவது இப்படித்தான். எங்களுடன் வந்திருந்த பத்து வயதுச் சிறுமி அதை மூன்று முறை செய்யச் சொல்லிக் கேட்டாள், அவரும் சலிக்காமல் செய்தார். உரமிடுவதால் கிணற்று நீரில் நைத்திரேட்டு ஏறுவதையும், சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றதையும் சுற்றுலாப் பயணிகளிடம் மறைக்காமல் பேசினார். தன் ஊரின் தண்ணீரை உயிராக நினைக்கும் ஒருவரால்தான் இப்படிப் பேச முடியும். இந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் முழுக் கட்டணத்தையும் மனமுவந்து மறுபடியும் கொடுப்பேன்.

அதன்பின் வடமராட்சிக் கரை. தொண்டைமானாறு என்னும் ஊரில் செல்வச்சந்நிதி முருகனை வணங்கிவிட்டு வல்வெட்டித்துறைக்குப் போனோம். இங்கே கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற பாய்மரக் கப்பல், பெயர் மாற்றப்பட்டு, 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதை ஓட்டிச் சென்றவர்களில் இவ்வூர் மாலுமிகளும் இருந்தார்கள். அந்தக் கதையைக் கடலைப் பார்த்து நின்றபடி கேட்டபோது உடல் சிலிர்த்தது.

பருத்தித்துறையில் சுண்ணக்கல் கடலுக்குள் நேராக இறங்குகிறது. பாறை முனை என்ற பொருளில் போர்த்துக்கீசியர் இட்ட பெயர்தான் ஆங்கிலத்தில் பாயின்ட் பீட்ரோ என்று திரிந்தது. இலங்கையின் வடகோடியான சக்கோட்டை முனையையும், 1916-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தையும் வேனை விட்டு இறங்கிப் பார்க்கலாம். தெருவின் இரு பக்கமும் திண்ணையாகவும் நடுவே தெருவே ஊடாகச் செல்லும்படியாகவும் கட்டப்பட்ட தெருமூடி மடத்தில், வெயிலில் வந்தவர்கள் இன்றும் சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறார்கள். மெல்லிய பருத்தித்துறை வடையை அங்கே வாங்கிக் கொள்ளுங்கள். பல நாள் கெடாமல் இருக்கும்.

மணற்காட்டில் பாறை முடிந்து மணற்குன்றுகள் தொடங்குகின்றன. பாதி மணல் மூடிய பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்களும், 2004 சுனாமியில் இறந்தவர்களின் கல்லறைகளும் அங்கே உள்ளன. அந்த மணலுக்கு அடியிலும் நன்னீர் தேங்கி நிற்கிறது என்று மாஸ்டர் சொன்னபோது எவருக்கும் வியப்பு ஏற்படவில்லை. அதற்குள் எங்களுக்கே அது தெரிந்திருந்தது.

முதியவர்களுடன் செல்வோர் கவனிக்க: கோட்டை மதிலில் ஏறுவதற்கும் மணற்காட்டில் நடப்பதற்கும் முழங்கால் பலம் வேண்டும், மற்ற இடங்களில் இடர் இல்லை. மழை ஓய்ந்து ஊற்றுகள் நிறைந்திருக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் உகந்தவை. பதிவு செய்யும்போதே புவியியல் ஆசிரியர்தான் வழிகாட்டியாக வர வேண்டும் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அவர் வராத நாள்களில் வேறொருவர் வருகிறார். மாற்றுடையும் துண்டும் கையில் இருக்கட்டும். கந்தரோடைக்கு ஒரு மணி நேரமும் கீரிமலைக்கு ஒன்றரை மணி நேரமும் வேண்டும் என்று நிறுவனத்துக்கு நான் எழுதியிருக்கிறேன். கீரிமலை நேரத்தைக் கூட்டுவதாகப் பதில் வந்திருக்கிறது. கந்தரோடை பற்றிப் பதிலில் ஒன்றும் இல்லை. ஆகவே பதிவு செய்பவர்கள் ஒவ்வொருவரும் அதை மறுபடியும் கேளுங்கள்.