சேர்வராயன் மலைத் தோட்டத்தில் ஒரு பழைய இராணுவ லாரி: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

இராணுவம் கழித்துவிட்ட டீசல் லாரியை வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, வண்டி எவ்வளவு உறுதியானது என்பதைத்தான். உறுதியைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அதன் எந்தப் பாகங்கள் ஊரில் ஓடும் சாதாரண லாரிகளுக்கும் பொதுவானவை, எவை அந்த வண்டிக்கு மட்டுமே உரியவை என்பதை வாங்கும் முன்பே பிரித்தறிந்து கொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏற்காட்டுப் பகுதியில் உள்ள எங்கள் காப்பித் தோட்டத்தில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும், நான்கு சக்கரங்களிலும் இழுவை உள்ள டாடா எல்.பி.டி.ஏ. 713 இராணுவ லாரியைப் பற்றி நான் எழுதுவது முழுவதும் இந்தப் பிரிவினையைச் சுற்றியே அமையும்.

வண்டியின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் மான் நிறுவனத்திடம் உரிமம் பெற்று 1959 முதல் ஜபல்பூரில் தயாரிக்கப்பட்ட சக்திமான் லாரிதான் நீண்ட காலம் நம் இராணுவத்தின் முதன்மைச் சரக்கு வண்டியாக இருந்தது. 1990-களில் அதன் இடத்தை அசோக் லேலண்டின் ஸ்டாலியனும், அதைவிடச் சிறிய, இரண்டரை டன் சுமைக்கான எல்.பி.டி.ஏ. 713-உம் எடுத்துக்கொண்டன. இவ்விரண்டும் ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் உருவானவை. டாடாவின் வழக்கப்படி 713 என்ற எண்ணில் முதல் இலக்கம் மொத்த எடையை ஏறக்குறைய ஏழு டன் என்றும், பின்னுள்ள இரண்டு இலக்கங்கள் குதிரைத்திறனை 130 என்றும் குறிக்கின்றன. அதே முறையில் பெயரிடப்பட்ட 1613 லாரியைச் சேலம், சங்ககிரி, நாமக்கல் வட்டாரத்தில் அறியாத மெக்கானிக் இருக்க முடியாது. 713-இன் ஆறு சிலிண்டர் 697 இன்ஜின் அந்த 1613-இன் குடும்பத்தைச் சேர்ந்தது. நான் ஸ்டாலியனையோ சக்திமானையோ நாடாமல் இதைத் தேர்ந்ததற்கு இந்த ஒற்றைக் காரணமே போதுமானதாக இருந்தது.

சக்திமானின் மீது எனக்கும் ஆசை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிஸ்டன் தலையில் உள்ள உருண்டைக் குழியின் சுவரில் டீசலைத் தெளித்து, அது ஆவியாக ஆவியாக எரியும்படி அமைத்த அந்த இன்ஜினின் ஒலி, அக்காலத்து மற்ற டீசல் இன்ஜின்களைவிட அடங்கியது. டீசல் அல்லாத சில எரிபொருள்களிலும் அது ஓடும். ஆனால் அந்தப் பிஸ்டனை இன்று எங்கே தேடுவது? சக்திமான் வைத்திருப்போர் பலர் கடைசியில் லேலண்டு அல்லது டாடா இன்ஜினைப் பொருத்திக்கொள்வதற்கு இதுவே காரணம். அப்படி மாற்றும்போது ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரமும் வண்டியில் உள்ள இன்ஜினும் ஒத்துப்போக வேண்டும் என்பதால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின் கீழ் முன்அனுமதி பெறும் வேலையும் கூடவே வந்து சேரும்.

ஆவணங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இராணுவக் கிடங்குகளிலிருந்து கழிக்கப்படும் வண்டிகள் பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. என்ற அரசு நிறுவனத்தின் இணைய ஏலத்தில், இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையிலேயே, தொகுதி தொகுதியாக விற்கப்படுகின்றன. ஏலத்தில் எடுக்கும் வியாபாரியிடமிருந்து ஒற்றை வண்டியாக வாங்குவதே நம்மைப் போன்றோருக்கு நடைமுறையில் இயலும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 47-ஆம் விதி, முன்னாள் இராணுவ வண்டியைப் பதிவு செய்ய உரிய அதிகாரி வழங்கிய படிவம் 21 விற்பனைச் சான்றிதழின் மூலப் பிரதியைக் கேட்கிறது. நகல் இருக்கிறது, மூலம் பின்னால் வரும் என்று சொல்லும் வியாபாரியிடம் முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடுவது நல்லது. சான்றிதழில் உள்ள சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு நாமே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், ஏனெனில் இராணுவப் பட்டறைகளில் பழுதான இன்ஜினைக் கழற்றிவிட்டு, முழுச் சீரமைப்பு முடிந்து தயாராக இருக்கும் வேறொரு இன்ஜினை ஏற்றிவிடுவது உண்டு. வண்டியின் வரலாற்றில் அது குற்றமில்லை என்றாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அது பெரிய சிக்கலாகிவிடும்.

வண்ணத்திற்கும் சட்டம் உண்டு. அதே விதிகளின் 121-ஆம் விதிப்படி பாதுகாப்புத் துறைக்குச் சொந்தமில்லாத வண்டி ஆலிவ் பச்சை நிறத்தில் இருக்கக் கூடாது. அந்த நிறத்துக்காகவே வண்டியை வாங்கும் இளைஞர்களுக்கு இது வருத்தமாக இருக்கலாம். எங்கள் வண்டி இப்போது செம்மண் கறை தெரியாத ஒரு பழுப்பு நிறத்தில் இருக்கிறது.

இத்தகைய வண்டிகளில் கிலோமீட்டர் மீட்டர் காட்டும் எண் மிகக் குறைவாக இருக்கும். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதனால் வாங்குபவருக்குக் கிடைக்கும் ஆதாயம் குறைவு. ஓடாமல் நின்ற வண்டியில் ரப்பர் அனைத்தும் வயதால் கெட்டிருக்கும். ரேடியேட்டர் ஹோஸ், காற்றுக் குழாய், பிரேக் டயாஃப்ரம், ஆயில் சீல் ஆகியவற்றைக் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் ஒரேயடியாக மாற்றிவிடுவதே கடைசியில் செலவைக் குறைக்கிறது. டயர்களையும் இப்படியே பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டும் வாரத்தையும் அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். பட்டன் முழுதாக இருந்தாலும் ஆண்டு பழையது என்றால் அந்த டயரோடு மலை ஏறக் கூடாது.

டீசல் டாங்கை இறக்கிக் கழுவாமல் இன்ஜினை ஓட்டத் தொடங்கினால், அடியில் படிந்த துருவும் கசடும் ஃபில்டரை அடைத்து, நடுவழியில் ஏர்லாக் ஆகி, அதாவது டீசல் குழாயில் காற்று புகுந்து, நிற்க நேரும். டீசல் பம்ப் முழுவதும் இயந்திர முறையில் இயங்கும் நேர்வரிசைப் பம்ப் என்பதால், சேலத்தில் எந்த டீசல் பம்ப் சர்வீஸ் கடையிலும் பெஞ்சில் ஏற்றி அளவு சரிபார்த்துத் தருகிறார்கள். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 டீசல் வந்தபோது, அதில் கந்தகம் குறைவு என்பதால் பழைய பம்ப் தேய்ந்துவிடும் என்ற பேச்சு பட்டறைகளில் பரவலாக இருந்தது. சுத்திகரிப்பு ஆலைகளிலேயே வழவழப்புக்கான சேர்மம் கலக்கப்படுவதால் எங்கள் பம்ப்பில் அப்படி ஒரு தேய்மானத்தை நான் காணவில்லை. இன்ஜினைப் பற்றி எழுத இதற்கு மேல் எனக்கு ஒன்றுமில்லை. லைனர், பிஸ்டன், ரிங், நாசில், தண்ணீர் பம்ப் எதுவானாலும் 1613-க்கு வாங்குவதைப் போலவே வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

முன் சக்கரங்களைச் சுழற்றும் அச்சும் பற்சக்கரங்களும் அடங்கிய முன் ஹவுசிங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் கவனம் முழுவதையும் கேட்கும் பகுதிகள். கியர் பெட்டியிலிருந்து வரும் சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தருவது டிரான்ஸ்ஃபர் கேஸ். அதில் சாதாரண வேகம், மெதுவாக ஆனால் அதிக இழுவையோடு ஓடுவதற்கான இறக்கிய வேகம் என இரண்டு நிலைகள் உண்டு. முன் சக்கர இழுவையை எப்போது போடுவது என்பதைவிட எப்போது எடுத்துவிடுவது என்பதை ஓட்டுநருக்குக் கற்பிப்பது கடினம். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை உள்ள இருபது கொண்டை ஊசி வளைவுகளில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அகலமான வட்டத்தில் அதிக தூரம் உருள்கின்றன. இரண்டு ஹவுசிங்குகளுக்கும் இடையே அந்த வேறுபாட்டை வாங்கிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கர அமைப்பு இல்லாத வண்டியில், தார்ச் சாலையில் முன் இழுவையோடு திரும்பினால் அந்த முறுக்கு முழுவதும் புரொப்பல்லர் ஷாஃப்டிலும் ஜாயின்ட் கிராஸிலும் ஏறி நிற்கும். முன் இழுவையை எடுக்க லிவரை இழுத்தாலும் வராது. நேராகச் சில அடி பின்னோக்கி உருட்டினால் முறுக்குத் தளர்ந்து லிவர் தானாகக் கழன்றுவிடும், அதைச் சுத்தியலால் தட்டுவது மடமை. தோட்டத்துச் செம்மண் பாதையில் சக்கரம் சற்று வழுக்கி அந்த முறுக்கைத் தானே விடுவித்துக்கொள்வதால் அங்கே தயங்காமல் பயன்படுத்தலாம்.

இதே காரணத்தால் எல்லாச் சக்கரங்களிலும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் உள்ள டயர்கள் இருந்தாக வேண்டும். முன்னால் புதியதும் பின்னால் வழுக்கையுமாக மாட்டினால் நேர்ப்பாதையில்கூட முறுக்கு ஏறும். லாரிக்காரர்களின் வழக்கப்படி நல்ல டயரை முன்னால் போட்டுப் பழையதைப் பின்னால் ஓட்டித் தீர்க்கும் சிக்கனம் இந்த வண்டிக்குப் பொருந்தாது.

ஹவுசிங்கின் மேல் உள்ள சிறிய காற்றுப் போக்கியைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. ஹவுசிங் சூடாகும்போது உள்ளே விரியும் காற்று அதன் வழியே வெளியேற வேண்டும். சேறோ குளவிக் கூடோ அதை அடைத்துவிட்டால், காற்று ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு எண்ணெயோடு வெளியேறும். அந்த எண்ணெய் ஹப் வழியாக பிரேக் ட்ரம்முக்குள் இறங்கி லைனிங்கை நனைத்தால், பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். டயரின் உட்பக்கச் சுவரில் கருமையான வழிசல் தெரிவது அதற்கு முன்னறிவிப்பு. சீலை மாற்றிக்கொண்டே இருந்தும் கசிவு நிற்கவில்லை என்று சொல்பவர்கள் முதலில் அந்தக் காற்றுப் போக்கியைக் கழற்றி ஊதிப் பார்க்கட்டும். சூடான ஹவுசிங்கோடு ஓடைத் தண்ணீரில் இறங்கினால், உள்ளே சுருங்கும் காற்று சீல் வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஹவுசிங் எண்ணெய் பால் நிறமாக மாறியிருந்தால் நடந்தது அதுதான்.

முன் ஹவுசிங்கின் பாகங்கள் கடைகளில் கிடைப்பது அரிது என்றாலும் சீலும் பேரிங்கும் கிடைக்காதவை அல்ல. உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகிய மூன்றையும் வெர்னியரால் அளந்து, பேரிங்கில் பொறித்துள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு சேலத்துப் பேரிங் கடைகளுக்குப் போனால் பெரும்பாலும் கைக்குக் கிடைத்துவிடும். இராணுவ வண்டிக்கு என்று கேட்டால்தான் இல்லை என்பார்கள். முன் சக்கர ஜாயின்ட்டும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பற்சக்கரங்களும் அப்படியல்ல. வண்டி வாங்கும்போதே அதே வியாபாரியிடம் உடைப்புக்கு வந்த இன்னொரு வண்டியின் முன் ஹவுசிங்கையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் சேர்த்துப் பேசி எடுத்துவிடுவது அறிவுடைமை. எங்கள் கொட்டகையில் கிரீஸ் பூசித் தார்ப்பாயால் மூடிவைத்த அந்தத் தொகுப்பு, வீட்டில் போட்டுவைத்த விதை நெல்லைப் போன்றது.

மலையிறக்கத்தில் வண்டியை அடக்குவது இன்ஜினின் வேலை, பிரேக்கினுடையது அல்ல. ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும் என்ற பழைய லாரி விதி இங்கும் செல்லும். இருப்பினும் பாரத்தோடு இறங்கும்போது இன்ஜினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற கருவி டீசலைத்தான் நிறுத்துமே தவிர, சரிவு தள்ளிக்கொண்டு போகும் வேகத்தை நிறுத்தாது. இன்ஜினின் உச்ச வேகத்தைத் தாண்டிச் சுழன்றால் வால்வுகள் பிஸ்டனில் இடிக்கும் அபாயம் உண்டு என்பதால், சத்தம் உயரும்போதே பிரேக்கை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் ட்ரம் பழுத்துவிடும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தின் ஈரம் பிரேக்குக்கான காற்றுத் தொட்டியில் தண்ணீராகத் தேங்குவதால், தினமும் வடிகால் குழாயைத் திறந்துவிடுவது ஓட்டுநரின் காலை வேலைகளுள் ஒன்றாக இருக்கிறது.

மின்சாரம் 24 வோல்ட், இரண்டு பேட்டரிகள். கைப்பேசி சார்ஜருக்காகவோ பாட்டுப் பெட்டிக்காகவோ ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பது பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. அப்படிச் செய்தால் ஒன்று குறைந்தும் மற்றது மிகைச் சார்ஜ் ஏறியும் இரண்டுமே சீக்கிரம் கெடும். 24 வோல்ட்டை 12 ஆகக் குறைத்துத் தர அதற்கென்று விற்கும் மாற்றுப் பெட்டியைப் பொருத்துவது பெரிய செலவில்லை. வரிசையாகச் செல்லும்போது பின்வரும் வண்டிக்கு மட்டும் தெரியும்படி பின் ஹவுசிங்கின் வெள்ளைப் பூச்சின் மேல் ஒளி வீசும் சிறு விளக்கை நான் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன், பயன் ஒன்றுமில்லை, அழகாக இருக்கிறது. முன்னால் தாழ்வாகப் பொருத்திய மஞ்சள் விளக்குகள்தான் மூடுபனியில் உதவுகின்றன.

நான் செய்த மாற்றங்கள் மிகக் குறைவு. கட்டமைப்பு மாற்றங்களைப் பற்றி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கடுமையாகத் தீர்ப்பளித்த பின்னர், சேசிஸை நீட்டுவது, கேபினை வெட்டுவது போன்றவற்றைப் பரிந்துரைக்கும் பட்டறைகளிடமிருந்து விலகியே இருக்கிறேன். பின்தொட்டியின் மரப்பலகைகளை மட்டும் புதுப்பித்தோம். மார்ச், ஏப்ரலில் காப்பி பூக்க உதவும் பூமழை பொய்க்கும் ஆண்டுகளில் அதன் மேல் கழற்றி மாட்டக்கூடிய தண்ணீர்த் தொட்டியை ஏற்றிக் காப்பிச் செடிகளுக்குத் தெளிக்கிறோம். தொட்டியின் உள்ளே குறுக்குத் தடுப்புகள் இல்லாவிட்டால் பாதி நிரம்பிய தண்ணீர் வளைவுகளில் அலைந்து உயரமான இந்த வண்டியைச் சாய்க்கப் பார்க்கும் என்பதால், தொட்டியை முழுதாக நிரப்பியோ முழுதாகக் காலியாகவோதான் நகர்த்துகிறோம்.

எரிபொருளில் இது தாராளமான வண்டி. சமவெளியில் லிட்டருக்கு நான்கு கிலோமீட்டரை ஒட்டித் தரும். தோட்டத்துக்குள் இறக்கிய வேகத்தில் ஓடும்போது கிலோமீட்டர் கணக்குப் பார்ப்பதே வீண். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே மட்டும் மூட்டை ஏற்றப் போகிறவர் சாதாரண பின்சக்கர லாரியையோ பிக்கப்பையோ வாங்கிக்கொள்வதே மேல். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவதால் டர்போ இல்லாத பழைய இன்ஜின்கள் மேலே கரும்புகை தள்ளித் திணறும், 713-இல் டர்போ இருப்பதால் அந்தக் குறை தெரிவதில்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிக்கும் காலத்தில், வடகிழக்குப் பருவமழையில் ஊறிய சரிவுப் பாதையில் மூட்டைகளோடு ஏறி வர எங்கள் தோட்டத்தில் வேறு வண்டி இல்லை. டிராக்டரால் முடியும் என்றாலும் டிரெய்லர் பின்னோக்கி இழுக்கும் சரிவுகளில் அதை நான் அனுமதிப்பதில்லை.

இந்தப் பறிப்பு முடிந்ததும் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்க வேண்டும். இறக்கிய வேகத்தில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பாரம் விடும்போது மட்டும் ஓர் உறுமல் கேட்கத் தொடங்கியிருக்கிறது. இழுக்கும்போது இல்லாமல் விடும்போது மட்டும் வருவதால் பேரிங் தளர்வாக இருக்கலாம் என்கிறார் கொண்டலாம்பட்டியில் எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக். பற்சக்கரம் தேய்ந்திருந்தால் கொட்டகையில் உள்ளதை எடுத்து மாட்டிவிட்டு, கழற்றியதை லேத் பட்டறைக்கு அனுப்புவதாக இருக்கிறோம்.