குதிநாண் வலி: படிக்கட்டுப் பயிற்சியா, பளு தூக்கலா?

காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் முதல் சில அடிகள் நொண்டல், அப்புறம் தானாகச் சரியாகிவிடும். ஆடுசதையைக் குதிகாலோடு இணைக்கும் தடித்த நார்தான் குதிநாண் (Achilles tendon); குதிகாலுக்குச் சற்று மேலே அதைக் கிள்ளிப் பார்த்தால் சுருக்கென்று வலிக்கும். நடுவயது தாண்டி ஓடுகிறவர்களுக்கு இது பழக்கமான தொல்லை. இதற்குப் பரிந்துரைக்கப்படும் பயிற்சிகளில் இரண்டு முக்கியமானவை. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன், இன்னும் அதில்தான் இருக்கிறேன்.

முதலாவது, 1998-இல் ஸ்வீடன் மருத்துவர் ஹாகன் ஆல்ஃபிரெட்சன் வெளியிட்ட முறை. படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, வலிக்கும் காலின் குதியை மெல்லக் கீழே இறக்க வேண்டும். மேலே ஏற மற்றக் கால். முழங்காலை நீட்டி 15 முறை, மூன்று சுற்று. மடக்கி அதே அளவு. காலை ஒரு தரம், மாலை ஒரு தரம் என்று 12 வாரம். கூட்டிப் பார்த்தால் நாளுக்கு 180 இறக்கங்கள். வலி இருந்தாலும் தொடரலாம். வலி குறைந்ததும் முதுகுப்பையில் எடை சேர்க்க வேண்டும். செலவில்லை, ஜிம் வேண்டாம், படி இருந்தால் போதும். பலன் தருகிறது என்பதிலும் சந்தேகமில்லை.

இரண்டாவது, அதிக எடையை மெதுவாகத் தூக்குவது. நின்றும், உட்கார்ந்தும், காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் இயந்திரத்திலும் குதியை உயர்த்துவது. ஏற 3 விநாடி, இறங்க 3 விநாடி. 15 முறைதான் தூக்க முடிகிற எடையில் தொடங்கி, வாரங்கள் போகப் போக 6 முறைக்கு மேல் முடியாத எடைக்கு ஏறுவோம். வாரம் மூன்று நாள், அவ்வளவுதான்.

2015-இல் டென்மார்க்கில் இந்த வலி உள்ள 58 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் படிக்கட்டு, மறு பக்கம் பளு என்று 12 வாரம் செய்ய வைத்தார்கள். வலியும் செயல்பாடும் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறின. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அப்படியே. ஆனால் வாரத்துக்கு ஆன நேரம்? படிக்கட்டுக்கு 308 நிமிடம், பளுவுக்கு 107. விடாமல் செய்தவர்களும் பளுப் பக்கம்தான் அதிகம். என்னை முடிவெடுக்க வைத்தது இதுதான். தினமும் இரண்டு வேளை என்றால் முதல் வாரம் உற்சாகம் இருக்கும். அப்புறம் விருந்தாளி வருவார், அலுவலகத்தில் நேரமாகும், மாலைச் சுற்று நழுவும். வாரம் மூன்று என்றால் ஒன்று தவறினாலும் மறுநாள் ஈடுகட்டலாம்.

12 வாரத்தோடு முடிகிற காரியமாக இருந்தால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. வயது ஏற ஏற ஆடுசதை மெலிவதை விட வேகமாக அதன் பலம் குறைகிறது, நாணும் விறைப்பு (இழுத்தால் எளிதில் நீளாத உறுதி) இழக்கிறது. நடக்கும்போது கணுக்கால் தள்ள வேண்டிய வேலையில் ஒரு பங்கை முதியவர்களிடம் இடுப்பு எடுத்துக்கொள்கிறது. போதுமான எடையோடு பயிற்சி செய்தால் வயதானவர்களின் நாணும் விறைப்பைக் கூட்டிக்கொள்ளும். நாண் நன்றாக இழுபடும் அளவு எடை இல்லாவிட்டால் பெரிய மாற்றம் இருக்காது. ஆகவே வலி போன பிறகும் ஏதோ ஒரு வடிவில் தொடர வேண்டும். 180 இறக்கங்களை ஆயுளுக்கும் யார் செய்வார்கள்?

பளுவிலும் குறை உண்டு. இயந்திரம் வேண்டும், ஜிம்முக்குப் போக வேண்டும். ஊர் ஊராக அலைகிற வேலை உள்ளவர்களுக்குப் படிக்கட்டே மேல். நாண் எலும்போடு ஒட்டும் இடத்தில் வலி என்றால் குதியைப் படிக்குக் கீழே இறக்காமல் தரைமட்டத்தோடு நிறுத்தச் சொல்வார்கள். எனக்கு வலி அதற்கு மேலே என்பதால் அனுபவித்துச் சொல்ல முடியாது. நான் ஓடுவதும் நிதானமாகத்தான், குதித்து விளையாடுகிறவர்களுக்குக் கணக்கு வேறாக இருக்கலாம்.

பளுவுக்கு வருகிறவர்கள் எடையை எப்போது கூட்டுவது என்று கேட்பார்கள். தூக்கும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை அந்த முதல் அடிகளைக் கவனியுங்கள்: வழக்கத்தை விட அதிகம் நொண்டினால் அடுத்த தடவை எடையைக் குறையுங்கள், இல்லையென்றால் கூட்டலாம்.