கொழும்புல திருமண ஆயத்த வகுப்பு: போங்க, ஆனா கேள்வியோட போங்க

எங்கட பங்குக் கோயில்ல நடந்த திருமண ஆயத்த வகுப்பைப் பத்தித்தான் இது. கோயில்ட பேர் போடல, ஏனெண்டா நல்லதும் இருக்கு, மனசு நொந்ததும் இருக்கு. நான் கத்தோலிக்கம், கட்டப்போறவர் ஆங்கிலிக்கன், ரெண்டு வீடும் வெள்ளவத்தைப் பக்கம். எங்கட கோயில்ல ஓலை வாசிக்க (கல்யாண அறிவிப்பைப் பூசையில வாசிக்கிறது) முன்னம் இந்த சேர்ட்டிபிக்கட் கேப்பாங்க, அதால விருப்பமோ இல்லையோ எல்லாரும் வந்துதான் ஆகணும். சனி ஞாயிறு முழுக்க, காசும் பெரிசா இல்ல, டீயோட மாலுபாண், மத்தியானம் சோத்துப் பார்சல். ஹோல்ல ஃபேன் மட்டும் காணாது.

முதல்ல நல்லதைச் சொல்றேன். லோயர் மிஸ் ஒருத்தர் வந்து எடுத்த வகுப்புக்காகவே போகலாம். எங்களுக்கு இன்னமும் 1907ம் ஆண்டு கல்யாணப் பதிவுச் சட்டம்தான், டிவோர்ஸுக்கு அதுல மூண்டே காரணம்: கள்ளத் தொடர்பு, வேணுமெண்டே கைவிட்டுப் போறது, கட்டுற நேரத்துலயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு மாதிரியான இயலாமை. ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியிறம் எண்டா அது காரணமே இல்ல, அடி உதை எண்டதும் தனிக் காரணமா இல்ல, அது கைவிட்டதுக்குச் சமம் எண்டு காட்டித்தான் வழக்குப் போடணும் எண்டு சொன்னவ. 2005ம் ஆண்டு வந்த வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்துல மஜிஸ்ட்ரேட்கிட்ட பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம் எண்டதையும் விளக்கமா சொன்னவ. கட்டப்போற பிள்ளைகளுக்கு இதைச் சொல்ற தைரியம் எல்லா இடத்துலயும் இல்ல.

ஃபாதர்ட வகுப்பும் நல்லம். கோயில் டிவோர்ஸ் குடுக்கிறதில்ல, ஆனா கட்டின நேரத்துல உண்மையான சம்மதம் இருக்கல்ல, ஏமாத்திக் கட்டினது எண்டு காட்டினா அந்தக் கல்யாணம் ஆரம்பத்துலயே செல்லாதெண்டு மறைமாவட்ட நீதிமன்றம் சொல்லலாம், 2015ல பிரான்சிஸ் பாப்பரசர் அதை லேசாக்கினவர், முன்னம் ரெண்டு தீர்ப்பு ஒத்து வரணும், இப்ப ஒண்டு காணும். அதோட அந்தத் தீர்ப்பு வேற, கோர்ட்ல எடுக்கிற டிவோர்ஸ் வேற, ஒண்டு கிடைச்சா மத்தது தானா வராது. எங்கட இவர் எழும்பி, அப்ப இது வேற பேர்ல டிவோர்ஸ்தானே ஃபாதர் எண்டு நேராக் கேட்டவர். ஃபாதர் கோவப்படல. மாற்கு 10ல இயேசு விதிவிலக்கே சொல்லல, மத்தேயு 19ல ஒரு விதிவிலக்கு இருக்கு, அங்கயிருந்துதான் சபைகள் வேற வேற வழியாப் போனது, ஓர்தடொக்ஸ் ஆக்கள் தவம் கலந்த சடங்கோட ரெண்டாம் கல்யாணத்தை அனுமதிப்பாங்க, கத்தோலிக்கம் இல்லவே இல்ல எண்டு நிண்டது, இங்கிலாந்துச் சபையும் 2002லதான் முன்னாள் துணை உயிரோட இருக்கேக்க மறுமணத்துக்கு சில நேரங்கள்ல இடம் விட்டது எண்டு சொன்னவர். குடும்பக் கட்டுப்பாட்டுக் கதையும் அப்படித்தானாம், ஆங்கிலிக்கன் பிஷப்மார் 1920ல கூடாதெண்டவங்க 1930 லாம்பெத் கூட்டத்துல கொஞ்சம் கதவைத் திறந்தவங்க, கத்தோலிக்கம் 1968ல திரும்பவும் மூடிச்சு. இவருக்கும் எனக்கும் அப்பதான் நாங்க எங்க ஒத்துப்போறம், எங்க இல்ல எண்டு விளங்கிச்சு. டாக்டர்ட வகுப்பு சுமார், ஸ்லைட் வாசிச்சதுதான்.

இனி மனசு நொந்த இடம். ரெண்டாம் நாள் ஒரு தம்பதி வந்து தங்கட வாழ்க்கையைப் பத்திக் கதைச்சவங்க, நல்ல ஆக்கள், பாசமா கதைச்சாங்க, அதுல சந்தேகமில்ல. ஒரு பிள்ளை கேட்டது, தன்ட அம்மா அப்பாட அடி தாங்காம விட்டுட்டு வந்து தனிய இருக்கிறா, கோர்ட்லயும் டிவோர்ஸ் எடுத்திட்டா, வேற கல்யாணம் ஒண்டும் இல்ல, அம்மா பூசையில நன்மை (நற்கருணை) வாங்கலாமா எண்டு. அதுக்கு அந்த அக்கா, வாங்காம இருக்கிறது நல்லம், சிலுவையை ஏத்துக்கொண்டு ஜெபிக்கச் சொல்லுங்க எண்டிட்டா. அந்தப் பிள்ளை தலையைக் குனிஞ்சு இருந்திட்டுது. இது கோயில்ட போதனையே இல்லங்க! பிரிஞ்சு இருக்கிறதோ, சட்டப்படி டிவோர்ஸ் எடுத்ததோ மட்டும் நன்மைக்குத் தடை இல்ல, பிறகு கோயிலுக்கு வெளிய மறுமணம் முடிச்சாத்தான் பிரச்சினை வருது. கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 2386ம் எண், கல்யாண சாக்கிரமந்துக்கு உண்மையா இருக்கப் பாத்து அநியாயமாக் கைவிடப்பட்டவர் மேல குற்றமில்ல எண்டு தெளிவாச் சொல்லுது. உடம்புக்கோ மனசுக்கோ பெரிய ஆபத்தெண்டா பிரிஞ்சு போகலாம், தாமதிச்சா ஆபத்தெண்டா பிஷப்ட்ட கேக்காமயே போகலாம் எண்டு திருச்சபைச் சட்டம் 1153ல இருக்கு. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் அழுற பொம்பிளையள்ல எத்தனை பேர் இப்படி யாரோ சொன்ன தப்புக் கதையை நம்பி வருசக்கணக்கா நன்மை வாங்காம இருக்காங்களோ தெரியல, நினைச்சா நெஞ்சு பதறுது. அடிச்சவர் முன் வாங்குல இருந்து நன்மை வாங்கிட்டுப் போவார், அவர்ட்ட ஒருத்தரும் பாவசங்கீர்த்தனம் செஞ்சியா எண்டு கேக்க மாட்டாங்க. சீதனம் கேட்டுப் பொண்ணை வதைக்கிறதைப் பத்தி அந்த ரெண்டு நாள்லயும் ஒரு வசனம் வரல்ல.

ஒரே பாலினத்தாரைப் பத்தி ஒரு பொடியன் கேட்டதுக்கும் அதே தம்பதி, அது வெளிநாட்டு வியாதி எண்டு முடிச்சிட்டாங்க. அந்த உறவைக் கோயில் ஏத்துக்கொள்ளல எண்டது உண்மை, ஆனா அதே மறைக்கல்வி நூல் 2358ம் எண் அவங்களை மரியாதையோட, இரக்கத்தோட நடத்தணும், அநியாயமா ஒதுக்கக் கூடாது எண்டும் சொல்லுது. 2023 டிசம்பர்ல ரோமாபுரி, கல்யாணச் சடங்கு மாதிரி இல்லாம, ஒரே பாலின ஜோடி கேட்டா குருமார் சாதாரண ஆசீர்வாதம் குடுக்கலாம் எண்டதையும் ஒருத்தரும் சொல்லல. கண்டிப்பான பாதியைச் சொல்லி இரக்கத்தின்ட பாதியை விட்டா அது என்ன போதனை? போதனை கஷ்டமா இருக்கட்டும், நான் கேக்கிறதெல்லாம் முழுசாச் சொல்லுங்க, ஆம்பிளைக்கும் பொம்பிளைக்கும் ஒரே அளவு வைங்க எண்டுதான்.

டீ டைம்ல நானும் இன்னொரு பிள்ளையும் அந்தத் தங்கச்சியை ஃபாதர்ட்ட கூட்டிப் போனம். அம்மாவைத் தாராளமா வரச்சொல்லுங்க, நானே வந்து அவவோட கதைக்கிறேன் எண்டவர். ஆனா ஹோல்ல இருந்த மத்த எல்லாரும் பிழையான பதிலோடதான் வீட்டுக்குப் போனாங்க, ஃபாதர் திரும்ப மைக்ல வந்து திருத்தியிருக்கணும்.

அஞ்சுக்கு மூண்டு குடுக்கிறேன். லோயர் வகுப்பையும் ஃபாதர்ட வகுப்பையும் கட்டாயம் கேளுங்க, பிரிவு, நன்மை, மறுமணம் சம்பந்தமா சொந்தக் கேள்வி இருந்தா நேரா குருவானவர்ட்ட மட்டும் கேளுங்க. எங்களை மாதிரி கலப்பு எண்டா பிஷப்ட அனுமதி வேணும், பிள்ளைகளைக் கத்தோலிக்கமா வளக்க முடிஞ்சதைச் செய்றேன் எண்டு கத்தோலிக்க ஆள் வாக்குக் குடுக்கணும், அதை மத்தவருக்கும் சொல்லி வைக்கணும், அந்தக் கடிதங்கள் எல்லாம் சுணங்கும், ஹோல் புக் பண்ண முன்னமே தொடங்குங்க.